நாய் க்ரூமிங் கடையின் சமூக ஊடகப் பக்கம்: அறிகுறி வாரியாகக் கோளாறு நீக்கும் முறை

கோவை சரவணம்பட்டியில் உறவினர் ஒருவர் நடத்தும், நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் க்ரூமிங் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைச் சில ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். அதைக் கண்டு திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி எனப் பல ஊர்க் கடைக்காரர்கள் "நம்மளுதையும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று அழைத்தார்கள். போன இடமெல்லாம் ஏறத்தாழ ஒரே கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை காசு செலவில்லாமல் கடைக்குள்ளேயே தீர்ந்தன. கீழே அறிகுறியைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ்க் காரணங்களை எளியதிலிருந்து செலவு மிக்கது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே சென்று, மேலிருந்து கீழாகச் சோதித்து, கோளாறு எங்கே தீர்கிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சோதனைக்குத் தேவையானவை நான்கு: கடந்த இரண்டு மாதத்து புக்கிங் நோட்டு, கடை போனின் கேலரி, வாட்ஸப்பில் வந்த விசாரணைகள், பக்கத்தை யார், எவ்வளவு பார்த்தார்கள் என்று காட்டும் இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதி. பார்க்கும் வரிசையும் இதுவே. இன்சைட்ஸை முதலில் திறப்பவர்கள் அதிலேயே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, நோட்டைத் திறக்காமலே எழுந்து போய்விடுகிறார்கள். விடை பெரும்பாலும் நோட்டில் இருக்கிறது.

அறிகுறி 1: பத்து நாள் பதிவு வருகிறது, பிறகு ஒரு மாதம் எதுவும் இல்லை

கடந்த ஞாயிற்றுக்கிழமை வந்த நாய்களை நோட்டில் எண்ணுங்கள். அவற்றுள் எத்தனைக்குக் கேலரியில் படம் இருக்கிறது என்று அடுத்து எண்ணுங்கள்.

படமே இல்லையென்றால், காரணம் சோம்பல் அன்று. ஞாயிறன்றுதான் கூட்டம், ஞாயிறன்றுதான் நல்ல நாய்கள் வருகின்றன, அன்றைக்குத்தான் இரண்டு கையும் ஷாம்பு நுரையில் இருக்கின்றன. போனை எடுக்க ஆள் ஏது? மேசைக்கு எதிர்ச் சுவரில், மேசையின் உயரத்திலேயே, ஒரு போன் ஸ்டாண்டைத் திருகி மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் மூன்று படங்கள் மட்டும்: மேசையில் ஏறியதும் பக்கவாட்டில் ஒன்று, வேலையின் நடுவே கையும் சீப்பும் மட்டும் தெரியும் பத்து விநாடி வீடியோ ஒன்று, இறங்குவதற்கு முன் அதே பக்கவாட்டில் இன்னொன்று. ஸ்டாண்ட் அசையாததால் முதல் படமும் கடைசிப் படமும் தாமாகவே ஒன்றுக்கொன்று பொருந்தும். படம் மங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லுமுன் லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஷாம்பு பட்ட விரல் லென்ஸில் உராய்ந்த தடம்தான் நான் பார்த்த மங்கல்களில் பாதிக்குக் காரணம்.

படம் இருக்கிறது, எழுதத்தான் ஒன்றும் வரவில்லையென்றால், புக்கிங் நோட்டில் பெயர், இனம், நேரம், தொகை ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் "என்ன கேட்டார்" என்று ஒரு கட்டம் போடுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் நோட்டில் ஒரு வாரத்தில் மூன்று பேர் கேட்ட கேள்வி இது: "போர் தண்ணியில குளிப்பாட்டுனா நுரையே வர மாட்டீங்குது, ஷாம்பு சரியில்லீங்களா?" சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் பொங்கி நுரைக்கிற அதே ஷாம்பு, உப்புத் தண்ணீரில் அடங்கிப்போகிறது, நுரைக்காக ஷாம்புவை மேலும் மேலும் ஊற்ற, அது சரியாக அலசப்படாமல் தோலில் தங்கி, நாய் மறுநாளெல்லாம் சொறிந்துகொண்டிருக்கிறது. இரண்டு மக்குகளில் இரண்டு தண்ணீரையும் பிடித்து, இரண்டிலும் ஒரே அளவு ஷாம்புவைக் கலக்கிக் காட்டிய வீடியோவுக்கு நாங்கள் யோசித்து எழுதியது ஒரு வரிகூட இல்லை; கேட்டவரின் கேள்வியையே தலைப்பாகப் போட்டோம். அந்த ஆண்டு அந்தக் கடையின் பக்கத்தில் அதிகம் பகிரப்பட்டது அதுதான்.

படமும் எழுத்தும் இருந்தும் பதிவு போகவில்லையென்றால், பதிவேற்றும் வேலையைக் கூட்டம் இல்லாத ஒரு நாளுக்கு மாற்றுங்கள். செவ்வாயன்று தமக்கு முடி வெட்டிக்கொள்ளாதவர்கள் நாய்க்கும் வெட்டுவதில்லை என்பதால் எங்கள் கடை செவ்வாய் மதியம் காலியாக இருக்கும். அப்போது உட்கார்ந்து, மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவசச் செயலியில் அந்த வாரத்துப் பதிவுகளுக்கு நாளும் நேரமும் குறித்துவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு பதிவுகளும், நாள்தோறும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படமும் போதும். தினம் ஒன்று என்று சபதம் எடுத்த கடைகளே பத்தாவது நாளில் நின்றுபோகின்றன.

ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தும் படம் எடுக்க நேரமில்லையென்றால் உங்களுக்குத் தேவைப்படுபவர் குளிப்பாட்டவும் உலர்த்தவும் தெரிந்த ஓர் உதவியாளர். பதிவு எழுதுகிறவரைத் தேடி அலைய வேண்டாம்.

அறிகுறி 2: பார்வைகள் குவிகின்றன, கடைக்கு ஆள் வரவில்லை

எல்லாக் கடைகளிலும் நீண்ட நேரம் பிடிக்கும் கோளாறு இது. அதனால் காரணக் கிளைகளும் அதிகம்.

கிளை அ: கடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உங்களைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தைப் பார்த்து முப்பது விநாடிக்குள் கடைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் பக்கத்தின் அறிமுகப் பகுதியான பயோவில் பாசமிகு வாசகங்களையும் பாதத் தடச் சின்னங்களையும் நீக்கிவிட்டு, பகுதியின் பெயர், அடையாளம், வேலை நேரம், வாட்ஸப் இணைப்பு ஆகியவற்றைப் போடுங்கள். "கோவை" என்பது இங்கே முகவரி ஆகாது. வடவள்ளியில் இருப்பவர் சிங்காநல்லூருக்கு நாயைக் கூட்டிப் போவதற்கு ஆயிரம் முறை யோசிப்பார்.

கிளை ஆ: பார்க்கிறவர்கள் வேறு ஊரார். இன்சைட்ஸில் பின்தொடர்பவர்களின் ஊர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் ஊர் அதில் முதலிடத்தில் இல்லையென்றால், நாய் தும்முவதும் தலையைச் சாய்ப்பதுமாக எங்கும் ஓடக்கூடிய வேடிக்கைகளைத்தான் நீங்கள் போட்டுவந்திருக்கிறீர்கள் என்று பொருள். டெல்லிக்காரர் சிரித்துவிட்டுப் போவார். அவர் தன் பொமரேனியனை அவினாசி சாலைக்குக் கூட்டி வரப்போவதில்லை. வேடிக்கையை முற்றாக விட வேண்டியதில்லை. மூன்றில் ஒன்று வேடிக்கையாக இருந்தால், மற்ற இரண்டில் தெருவும் பேச்சும் தண்ணீரும் வெயிலும் உங்கள் ஊருடையனவாக இருக்கட்டும். பதிவில் இடக்குறியையும் சேர்த்துவிடுங்கள்.

கிளை இ: வரக்கூடியவர் தன் நாயை அங்கே காணவில்லை. இதை நான் மிகத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். அன்னூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் நாயை வண்டியிலேயே வைத்துவிட்டு, தாம் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க, நம்ம தோட்டத்து நாய்க்கெல்லாம் பண்ணுவீங்ளா?" என்று கேட்டார். ஓராண்டாக எங்கள் பக்கத்தைப் பார்த்துவந்தவர் அவர். அதில் ரிப்பன் கட்டிய ஷிட்ஸுவும் லாசா ஆப்சோவுமே இருந்ததால், தோட்டத்து வீடான சாளையில் காவலுக்குக் கிடக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அங்கே இடமில்லை என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். அன்று மாலை நோட்டில் எண்ணிப் பார்த்தபோது, வருகிற நாய்களில் பாதிக்கு மேல் லாப்ரடார், பொமரேனியன், நாட்டு நாய் என்று இருந்தன. பக்கத்தில் அவற்றுக்கு ஒரு படம்கூட இல்லை. நோட்டில் எந்த இனம் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, பக்கத்திலும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் இருக்க வேண்டும். மேசைமேல் அழகாக நிற்பதற்காக ஒரே இனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவது, மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

கிளை ஈ: விசாரணை வருகிறது, விலையோடு நின்றுவிடுகிறது. வாட்ஸப்பைத் திறந்து, கடைசி இருபது விசாரணைகளுக்கு எத்தனை மணி நேரம் கழித்துப் பதில் போயிருக்கிறது என்று பாருங்கள். காலையில் "எவ்ளோங்க ஆகும்?" என்று கேட்டவருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பதில் போனால், அதற்குள் அவர் வேறு கடையில் நேரம் வாங்கியிருப்பார். வாட்ஸப் பிசினஸ் செயலியில் குவிக் ரிப்ளை என்ற வசதியில் மூன்று பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கேட்லாக்கில் சேவைகளையும் விலைகளையும் ஏற்றலாம். விலையை மறைத்துவைத்து "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்று எழுதுவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. நாயின் எடை, முடியின் நீளம், சிக்கின் அளவு ஆகிய மூன்றைப் பொறுத்தே தொகை மாறுவதால், ஒவ்வொன்றுக்கும் "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று வெளிப்படையாகப் போட்டு, சிக்கு முற்றியிருந்தால் ஏன் கூடும் என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டால், பேரம் பேசுகிறவர்களும் குறைகிறார்கள், வந்து பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்களும் குறைகிறார்கள்.

கிளை உ: பழைய வாடிக்கையாளரிடம் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலில் 256 பேர் வரை போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். எனவே பணம் வாங்கும்போதே "நம்பரைக் கடை பேர்ல சேவ் பண்ணிக்குங்க, அடுத்த குளியல் தேதி அனுப்பறோம்" என்று சொல்லிவிடுவது, நூறு ரீல்ஸுக்குச் சமம். முடி தொடர்ந்து வளரும் இனங்களுக்கு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தம் தேவைப்படும் என்பதால், புக்கிங் நோட்டே உங்கள் நினைவூட்டல் பட்டியல்.

கிளை ஊ: வரைபடத்தில் கடை இல்லை. அருகிலுள்ள க்ரூமிங் கடையைத் தேடுகிறவர் இன்ஸ்டாகிராமுக்குப் போவதில்லை, கூகுளில் தட்டுகிறார். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். சரிபார்ப்புக்குக் கடையின் வீடியோவை அனுப்பும்படி கூகுள் கேட்கலாம். விடுமுறை நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா, குறி சரியான கட்டடத்தின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்புரைக்குத் தள்ளுபடி தருவது கூகுளின் விதிகளுக்கு மாறானது. வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை.

கிளை எ: விளம்பரம். இதற்கு முந்தைய ஆறு கிளைகளையும் அடைத்த பிறகே இங்கே வாருங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் மகிழ்ச்சியோடு பணம் வாங்கிக்கொள்ளும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானை அப்படியே அழுத்தாமல், கடையை நடுவில் வைத்து ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்துக்குள் மட்டும் காட்டச் சொல்லுங்கள். நகருக்குள் வட்டம் சிறிதாகவும், தோட்டங்கள் சூழ்ந்த பல்லடம், சூலூர்ப் பக்கம் பெரிதாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் சிறு தொகையில் ஓட்டி, வருகிறவர் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, விளம்பரம் செய்துகொடுக்கும் தொழில்முறை ஆளிடம் அந்த நோட்டோடு போங்கள். நோட்டைப் பார்க்காமலே திட்டம் சொல்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

அறிகுறி 3: தவறான வேலையைக் கேட்டு ஆள் வருகிறார்கள்

அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது "வெயிலுக்கு மொட்டை அடிச்சுருங்க" என்று பொமரேனியனையும் கோல்டன் ரிட்ரீவரையும் கூட்டி வருகிறார்களா? முதலில் உங்கள் பழைய பதிவுகளைப் புரட்டுங்கள். ஏதோ ஒரு கோடையில் நீங்களே "சம்மர் கட்" என்று ஒரு படம் போட்டிருப்பீர்கள். ஒரு கடையில் அந்தப் படத்தில் இருந்தது ஷிட்ஸு. பார்த்தவர்கள் எல்லா நாய்க்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிவை நீக்கிவிட்டு, இன்னொன்றை அதன் இடத்தில் வையுங்கள். பொமரேனியன், ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு மேல்முடி, உள்முடி என இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. அந்த அடுக்குகள் வெயிலையும் தடுக்கின்றன. ஒட்ட வெட்டினால் தோல் வெயிலில் காய்கிறது, முடி திட்டுத் திட்டாக முளைக்கலாம், சிலவற்றுக்குப் பழைய முடி திரும்பாமலே போகலாம். இதைப் பத்து வரியில் எழுதினால் எவரும் படிக்க மாட்டார். உதிர்ந்த உள்முடியை ரேக் என்ற சீப்பால் வாரி எடுத்து, அந்தக் குவியலை நாய்க்குப் பக்கத்தில் வைத்து, நாயின் அளவுக்கே குவியலும் இருப்பதைக் காட்டுங்கள். "மொட்டை வேண்டாம், இதை எடுத்தாலே போதும்" என்ற ஒரு வரி மட்டும் கீழே இருக்கட்டும். இந்தப் பதிவு மார்ச் மாத நடுவில் போய்விட வேண்டும். மே 4-ஆம் தேதி போட்டால் அதற்குள் பாதிப் பேர் வேறெங்காவது மொட்டை அடித்திருப்பார்கள்.

உண்ணிக்கு மருந்து கேட்டுக் கமெண்டில் வருகிறார்களா? இது க்ரூமிங் கடையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருப்பதைக் காட்டுவது உங்கள் வேலை; மருந்தின் பெயரையும் அளவையும் கமெண்டில் எழுதுவது உங்கள் வேலை அன்று, ஏனென்றால் எடையும் வயதும் இனமும் தெரியாமல் தரும் மருந்து நாயைக் கொல்லக்கூடும். உண்ணியோடு காய்ச்சல், தீனி எடுக்காமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதை ஒரு நிலையான பதிலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மருத்துவர் அனுப்பினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் போகிறவர்கள் இங்கே உண்டு.

அறிகுறி 4: பதிவு எப்போதும் பருவம் தப்பி வருகிறது

பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்துப் படம் போடும் கடைகளுக்கே இது அதிகம் நேர்கிறது. வாழ்த்துப் படத்தால் ஒரு நாய்கூடக் குளித்ததில்லை. கடந்த ஆண்டு நோட்டை எடுத்து எந்த மாதத்தில் எந்த வேலை கூடியது என்று பார்த்து, அதற்கு மூன்று வாரம் முன்னால் பதிவை வையுங்கள். கொங்கு நாட்டில் எனக்குத் தெரிந்த ஓட்டம் இது: பங்குனி, சித்திரையில் முடி உதிர்வும் உண்ணியும், பள்ளி விடுமுறையில் வெளியூர் போகிறவர்கள் நாயை எங்கே விடுவது என்று கேட்பது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துத் தோட்டத்து நாய்களின் கண்ணிலும் முடியிலும் மண்ணை அப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர நாற்றமும் காதுப் புண்ணும் வரும். மார்கழிக் குளிரில் "இப்பக் குளிப்பாட்டலாமுங்களா?" என்ற தயக்கம் எழுவதால் கடை ஈயாடும், வெந்நீரில் குளித்த நாயைக் காற்று வீசும் ப்ளோயர் எப்படி அடிமுடி வரை உலர்த்துகிறது என்று காட்டும் வீடியோவைக் கார்த்திகையிலேயே எடுத்து வையுங்கள். நாய் காய்ந்ததும் உடம்பில் விரலை விட்டு முடியை விலக்கி, அடித்தோல் உலர்ந்திருப்பதை அருகிலிருந்து காட்டுங்கள். அந்தக் காட்சிதான் தயங்கியவரைக் கூட்டி வரும்.

தீபாவளிக்கு முதல் நாள் குளியலுக்குக் கூட்டம் நெருக்கும். அன்றைக்கே வெடியும் தொடங்கிவிடுவதால் நாய்கள் மேசையில் நிற்பதில்லை. "தீபாவளிக் குளியலை ஒரு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்" என்ற பதிவு உங்களுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது. திருப்பூரில் போனஸ் கைக்கு வரும் வாரத்தையும் அங்குள்ள கடைக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதாக இருக்கவில்லை.

அறிகுறி 5: பதிவைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் வருத்தப்படுகிறார், அல்லது கொடுமை என்று திட்டு விழுகிறது

முதல் கிளை: சொந்தக்காரரின் வருத்தம். ஒருமுறை, பாய்போலச் சடை பிடித்திருந்த ஒரு ஷிட்ஸுவின் முன் படத்தையும் பின் படத்தையும் பெருமையோடு போட்டேன். சடை ஒரே துண்டாகக் கழன்று வந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தும் ஒரு படம் எடுத்திருந்தோம். மறுநாள் காலை அந்த வீட்டு அம்மா போன் செய்து, "ஏந்தம்பி, எங்கூட்டு நாயை ஊரே பாக்கற மாதிரி போட்டுட்டீங்களே, என்ற நாத்தனா கேக்கறா, நாயைக்கூட ஒழுங்கா வெச்சுக்க மாட்டீங்களான்னு" என்றார். கோபத்தைவிட அவமானமே அந்தக் குரலில் இருந்தது. பதிவை எடுத்துவிட்டோம், அவர் மறுபடி வரவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். நாயை விட்டுச் செல்லும்போதே, படம் போடலாமா, பெயர் போடலாமா, முன் படம் போடலாமா என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறோம். முதல் இரண்டுக்குச் சரி என்பவர்களில் பலர் மூன்றாவதற்கு வேண்டாம் என்கிறார்கள். சிக்கைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் முகமும் பட்டையும் இல்லாமல், கையிலுள்ள சிக்குத் துண்டை மட்டும் காட்டுகிறோம். கழுத்துப் பட்டை வில்லையில் போன் எண்ணும், பின்னணியில் வண்டி எண்ணும் தெரிகின்றனவா என்று போடுமுன் பெரிதாக்கிப் பார்க்கவும்.

இரண்டாவது கிளை: பார்வையாளரின் திட்டு. கழுத்தில் மாட்டும் க்ரூமிங் கயிறும் வாய்ப்பூட்டும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சாதாரணம். பார்க்கிறவருக்குத் தூக்குக் கயிறாகத் தெரிகிறது. திட்டியவருடன் வாதாடாமல், கயிறு தளர்வாக இருப்பதையும், ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்பதையும், நாய் மேசையிலிருந்து குதித்து அடிபடாமல் இருக்கவே அது மாட்டப்படுகிறது என்பதையும் ஒரே பதிலில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வாதத்தில் வென்ற எந்தக் கடைக்கும் அதனால் ஒரு வாடிக்கையாளர் கூடியதை நான் பார்த்ததில்லை. அதே சமயம், திட்டு நியாயமானதா என்று வீடியோவை ஒலியோடு மறுபடி பாருங்கள். நாய் மூச்சிரைத்தபடி, வாலை இடுக்கி, கண்ணின் வெள்ளை தெரியத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால், கோளாறு பதிவில் இல்லை, மேசையில் இருக்கிறது.

நகத்தின் உள்நரம்பில் வெட்டுப்பட்டு இரத்தம் வந்ததையோ, காது வெட்டிய குட்டியையோ எக்காரணத்துக்கும் போட வேண்டாம்.

ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: கடையில் நாய்க்குக் காயம் என்று ஒருவர் பொதுவெளியில் எழுதிவிட்டால், பதிலை நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டி, சீட்டை வாங்கி, சொந்தக்காரரிடம் நேரில் பேசுங்கள். இழப்பீடு, வழக்கு என்ற சொற்கள் வந்துவிட்டால் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

அறிகுறி 6: கறுப்பு நாய் கரி மூட்டையாகத் தெரிகிறது, வீடியோவில் கோடுகள் ஓடுகின்றன

கறுப்பு நாய்க்குப் பெரும்பாலும் பின்னாலிருக்கும் வெள்ளை டைல்தான் காரணம். கேமரா சுவரின் வெளிச்சத்தை அளந்து நாயை இருட்டடித்துவிடுகிறது. திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவை மேலே நகர்த்துங்கள். சுவரில் சாம்பல் அல்லது பச்சை நிறத் துணியைத் தொங்கவிடுங்கள். நாயின் முகம் சன்னலைப் பார்க்கட்டும். வெள்ளைப் பொமரேனியனுக்கு வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் முடி இழைகள் கரைந்து பஞ்சு உருண்டையாகிவிடும். பிளாஷ் கூடாது, கண்கள் பச்சையாக எரியும், நாயும் மிரளும்.

வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால் விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் ப்ரோ வீடியோ இருந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடிக்கு வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்பில் PAL Formats என்ற தேர்வை இயக்கி, விநாடிக்கு 25 பிரேமில் எடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மேசைக்கு மேலுள்ள ஒரு விளக்கை மட்டும் மாற்றினால் போதும். புதுப் போன் வாங்குவது இந்தப் பட்டியலின் கடைசி வரியில்கூட வர வேண்டியதில்லை.

அறிகுறி 7: ஒலி போய்விட்டது, அல்லது பதிவே நீக்கப்பட்டது

பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டைச் சேர்த்தால் ஒலியை அடைத்துவிடக்கூடும். கிரியேட்டர் கணக்காக மாற்றிப் பாட்டைப் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். அது வணிகப் பயன்பாட்டுக்கான உரிமையைத் தராது. மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பிலிருந்து எடுங்கள், அல்லது ப்ளோயர் இரைச்சலை அடைத்துவிட்டு உங்கள் குரலிலேயே பேசுங்கள். கொங்குப் பேச்சிலேயே பேசலாம். கேட்கிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

பதிவு நீக்கப்பட்டிருந்தால், தெரிந்தவருக்கு உதவுவதாக நினைத்து "குட்டி விற்பனைக்கு" என்று போட்டீர்களா என்று பாருங்கள். தனிநபர்கள் உயிருள்ள விலங்குகளை வாங்கி விற்பதை மெட்டாவின் விதிகள் அனுமதிப்பதில்லை. அமைப்புகளில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் உங்கள் பக்கத்தின்மேல் உள்ள புகார்கள் தெரியும். தவறாக நீக்கியிருந்தால் அங்கிருந்தே மறுபரிசீலனை கேட்கலாம்.

அறிகுறி 8: ஆள் வைத்தும் பயனில்லை

மாதச் சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ ஒருவரை வைத்து, நாள்தோறும் பளபளப்பான படங்கள் வந்தும் நோட்டு நிரம்பவில்லையென்றால், கடைசி இருபது பதிவுகளில் உங்கள் மேசை தெரிகிற படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நான் பார்த்த ஒரு பக்கத்தில் அந்த எண்ணிக்கை சுழியம். பனியில் ஓடும் வெளிநாட்டு நாய்கள் மட்டுமே இருந்தன, அதுவும் கத்திரி வெயிலில். அவரை நிறுத்துமுன், நீங்கள் அவருக்குப் படமும் நோட்டும் கொடுத்தீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தும் அவர் பயன்படுத்தவில்லையென்றால் மட்டும் ஆளை மாற்றலாம்.

மாற்றுவதற்கு முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சொல், மின்னஞ்சல், போன் எண் மூன்றும் கடை உரிமையாளருடையவையாக இருக்க வேண்டும். பதிவு போடும் ஆளுக்கு மெட்டா பிசினஸ் சூட் வழியாக வேலைக்கான அனுமதி மட்டும் இருந்தால் போதும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் அதன் மாற்றுக் குறியீட்டு எண்களைப் புக்கிங் நோட்டின் பின்னட்டையில் எழுதாமல் வீட்டில் வையுங்கள். "பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று இன்பாக்ஸில் வரும் இணைப்பைத் தொட வேண்டாம். உண்மையான புகார் அக்கவுண்ட் ஸ்டேட்டஸில் தெரியும். கணக்கு பறிபோய்விட்டால், இன்ஸ்டாகிராமின் ஹேக் மீட்புப் பக்கத்தில் மீட்கும் வழி இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து உங்கள் வாடிக்கையாளரிடம் யாராவது முன்பணம் வாங்கிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, அன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் "கடைக்கு நேரில் வந்து மட்டும் பணம் கொடுங்கள்" என்று போட்டுவிடுங்கள்.